உணவைப் பற்றிய தவறான நம்பிக்கைகள் வேரூன்றிய விதம்

1663 ஆகஸ்ட் 22 அன்று, இங்கிலாந்தின் கடற்படை நிர்வாகத்தில் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ், தமக்குத் தெரிந்த ஒருவர் வெள்ளரிக்காய் தின்று இறந்துவிட்டார் என்ற செய்தியைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். சில நாட்களுக்கு முன்பு இன்னொருவரும் அவ்வாறே இறந்ததாகக் கேள்விப்பட்டதையும் அதே இடத்தில் சேர்த்துக்கொண்டார். அச்செய்தியை அவர் ஐயுற்றதாகத் தெரியவில்லை. அன்றைய ஐரோப்பாவில் படித்தவர் எவரும் ஐயுற்றிருக்க மாட்டார். வெள்ளரி உடலின் சூட்டை அணைத்துவிடும் அளவுக்குக் குளிர்ச்சியான காய் என்பதை அக்கால மருத்துவ நூல்களே கற்பித்தன.

இத்தகைய நம்பிக்கைகளை மூடத்தனம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டால், அறிவுள்ளவர்கள் அவற்றை ஏன் ஏற்றார்கள் என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் போய்விடும். அன்றாட உணவுகளைப் பற்றி நிலைபெற்றுவிட்ட தவறான கருத்துகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது இதுதான்: ஏறக்குறைய ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் நியாயமான ஒரு கேள்வியும் உண்மையின் ஒரு துண்டும் இருக்கின்றன, அத்துண்டை முழு உண்மையாக நீட்டிவிட்ட மதிப்புக்குரிய ஒரு குரலும் இருக்கிறது. அதன் பிறகு, மூலத்துக்குத் திரும்பிச் சென்று சரிபார்ப்பதைத் தம் வேலையாக யாரும் எடுத்துக்கொள்ளாதவரை, அக்கருத்து நிலைத்துவிடுகிறது.

வெள்ளரியின் மீதான அச்சத்துக்கு வேர், கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலனின் எழுத்துகளில் இருக்கிறது. இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும் பித்தம் என்னும் நான்கின் சமநிலையே உடல்நலம் என்ற பழைய கொள்கையை அவர் விரிவாக வளர்த்தெடுத்தார். ஒவ்வோர் உணவும் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி ஆகியவற்றுள் எதை எந்த அளவுக்கு உண்டாக்கும் என்றும் வகுத்துரைத்தார். அந்த வகைப்பாட்டில் வெள்ளரி, முலாம்பழம் போன்ற நீர்ச்சத்து மிக்கவை குளிர்ச்சியும் ஈரமும் மிகுந்தவையாகி, வயிற்றில் அழுகிக் காய்ச்சலை உண்டாக்கும் பொருள்களாகக் கருதப்பட்டன. இளமையில் பழங்களை மிகுதியாகத் தின்று கடுமையாக நோயுற்றதாகவும், பிற்பாடு அவற்றைத் தவிர்த்தபின் நலமாக இருந்ததாகவும் கேலனே எழுதியிருக்கிறார். தம் உடலில் கண்டதை ஒரு மாபெரும் மருத்துவர் பொது விதியாக்கியபோது, அவ்விதி ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் பாடமாக நின்றது.

கோட்பாடு தவறாக இருந்தும் அது கண்முன் மெய்ப்பட்டுக்கொண்டே இருந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பழங்கள் மிகுதியாகக் கிடைக்கும் கோடைக்காலமே வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் மிகுந்த காலம். வடக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடை தோறும் குழந்தைகள் இறந்தார்கள். அதே வாரங்களில் சந்தைகளில் பழங்கள் குவிந்திருந்தன. மாசுற்ற நீரில் கழுவப்பட்ட, பச்சையாகவே உண்ணப்படும் காய்களும் பழங்களும் உண்மையிலேயே நோயைச் சுமந்து வந்தன. 1832-இல் காலரா அமெரிக்க நகரங்களைத் தாக்கியபோது சில இடங்களில் பழங்களையும் காய்கறிகளையும் விற்பதற்கே தடை விதிக்கப்பட்டது. 1854-இல் லண்டனில் மருத்துவர் ஜான் ஸ்னோ ஒரு குடிநீர்க் குழாயைச் சுற்றி இறந்தவர்களைக் கணக்கிட்டுக் காட்டிய பிறகும், நீரே காரணம் என்ற கருத்து ஏற்கப்படப் பல ஆண்டுகள் ஆயின. பழத்தின் மீது பழி சுமத்தியவர்கள் கவனிக்கத் தவறியவர்கள் அல்லர். அவர்கள் கவனித்தது சரி. காரணமாகக் கொண்ட பொருள்தான் தவறு.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த தக்காளியும் உருளைக்கிழங்கும் வேறு வகையான சிக்கலில் அகப்பட்டன. அறிமுகமில்லாத செடியை அறிந்த செடியோடு ஒப்பிட்டு இனங்காண்பதே தாவரவியலாரின் முறை. தக்காளியின் இலையும் பூவும் பெல்லடோனா, மாண்ட்ரேக், ஊமத்தை முதலிய நச்சுச் செடிகளின் குடும்பத்தையே நினைவூட்டின. அவை அனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம் என்பதை இன்றைய தாவரவியலும் ஒப்புக்கொள்கிறது. 1544-இல் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி தக்காளியைப் பற்றி எழுதியபோது அதை மாண்ட்ரேக்கோடு சேர்த்தே பேசினார். 1597-இல் வெளியான ஜான் ஜெரார்டின் ஆங்கில மூலிகை நூல், ஸ்பெயினிலும் இத்தாலியிலும் மக்கள் இப்பழத்தை உண்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே, செடி முழுவதும் துர்நாற்றம் வீசுவது என்றும் உடலுக்கு மிகக் குறைந்த ஊட்டமே தருவது என்றும் தீர்ப்பளித்தது. தெற்கே ஒரு தலைமுறை உண்டு உயிரோடு இருக்கிறது என்ற சான்றைவிட, செடியின் குலத்தைப் பற்றிய அறிவே வடக்கே எடைமிக்கதாக இருந்தது. செடியைப் பற்றிய அந்த அறிவு பொய்யும் அன்று: தக்காளி இலையிலும் தண்டிலும் நச்சுத்தன்மையுள்ள சேர்மங்கள் உள்ளன, வெயில் பட்டுப் பச்சையான உருளைக்கிழங்கிலும் அதன் முளையிலும் சோலனின் என்னும் நச்சு மிகுந்து, உண்டவருக்கு வாந்தியும் வயிற்று வலியும் வரக்கூடும்.

உருளைக்கிழங்குக்கு இன்னொரு குற்றச்சாட்டும் சேர்ந்தது. ஒரு தாவரம் எந்த உறுப்பை அல்லது நோயைப் போலத் தோன்றுகிறதோ அதனோடு அதற்குத் தொடர்புண்டு என்ற கொள்கை அக்காலத்தில் செல்வாக்குடன் இருந்தது. புடைத்தும் திட்டுத் திட்டாகவும் இருந்த கிழங்கின் தோல் தொழுநோயாளியின் தோலை நினைவூட்டியது. உண்டால் தொழுநோய் வரும் என்ற அச்சம் கிழக்குப் பிரான்சில் பரவியது. அந்த அச்சத்தைத் தகர்த்தவற்றுள் மருத்துவ வாதத்தைவிடப் பசிக்கே பெரிய பங்கு உண்டு. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் 1756-இல் கிழங்கைப் பயிரிடச் செய்யுமாறு தம் அதிகாரிகளுக்கு ஆணையிட்டார். ஏழாண்டுப் போரில் பிரஷ்யர்களிடம் சிறைப்பட்ட பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் பார்மாந்தியே, சிறையில் அதையே உண்டு நலமாகத் திரும்பினார். தானியத் தட்டுப்பாட்டுக்கு மாற்று உணவு எது என்று நாடு தேடிக்கொண்டிருந்த 1770-களின் தொடக்கத்தில், அவருடைய ஆய்வுகளும் பாரிஸ் மருத்துவப் புலத்தின் சாதகமான அறிக்கையும் கிழங்கை விடுவித்தன. ஆயினும் மேலிருந்து வரும் ஆணை எல்லா இடங்களிலும் ஐயத்தைப் போக்கிவிடவில்லை. 1840-களின் தொடக்கத்தில் ரஷ்ய அரசு தன் நிலங்களில் உழைத்த குடியானவர்களை உருளைக்கிழங்கு பயிரிடக் கட்டாயப்படுத்தியபோது, பல மாவட்டங்களில் கலகமே மூண்டது. தங்களைப் பண்ணையடிமைகளாக்கும் சூழ்ச்சியின் முதற்படி இது என்று அவர்கள் அஞ்சினார்கள். கிழங்கு நல்லதா கெட்டதா என்ற கேள்வி, அதைக் கொடுக்கும் கையை நம்பலாமா என்ற கேள்வியிலிருந்து பிரிக்க முடியாததாக இருந்தது.

தக்காளியைப் பற்றிய அச்சம் போனபின், அந்த அச்சத்தைப் பற்றிய புதிய கதைகள் தோன்றின. 1820-இல் நியூ ஜெர்சியின் சேலம் நகர நீதிமன்றப் படிகளில் ராபர்ட் கிப்பன் ஜான்சன் என்பவர், திரண்டிருந்த கூட்டத்தின் முன் ஒரு கூடைத் தக்காளியைத் தின்று காட்டினார் என்ற கதை இன்றும் எழுதப்படுகிறது. ஜான்சன் என்ற மனிதர் இருந்தது உண்மை. அந்த நிகழ்ச்சிக்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் அச்சேறிய பிறகே அக்கதை பரவலானது. ஈயம் கலந்த தட்டுகளில் தக்காளியின் புளிப்புப் பட்டு ஈயம் கரைந்ததால் செல்வந்தர்கள் இறந்தார்கள், அதனால்தான் பழி வந்தது என்ற விளக்கமும் இதே வகையைச் சேர்ந்தது. அறிவியல் தொனி இருப்பதால் அது எளிதில் நம்பப்படுகிறது, ஆனால் அதற்கு ஆவணச் சான்று இல்லை. பழைய தவறு ஒன்றைத் திருத்தும் கதையைச் சரிபார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றாமல் போவதே இவை பிழைத்திருக்கக் காரணம் என்று நினைக்கிறேன்.

இவ்வரலாற்றில் மிகுந்த துயரம் விளைவித்தது மக்காச்சோளத்தைப் பற்றிய குழப்பம். மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரிலோ சாம்பல் கரைத்த நீரிலோ வேகவைத்து, ஊறவிட்டு, பிறகு அரைப்பது ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழக்கம். அந்தக் காரத்தன்மை, தானியத்தில் உடலுக்கு எட்டாதபடி பிணைந்திருக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்தை விடுவிக்கிறது. ஐரோப்பியர் விதையை எடுத்துச் சென்றார்கள். சமைக்கும் முறையை எடுத்துச் செல்லவில்லை. 1735-இல் ஸ்பெயின் மருத்துவர் காஸ்பர் கசால், மக்காச்சோளத்தையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்த ஏழைக் குடியானவர்களிடம் தோல் வெடிப்பும் மனக்குழப்பமும் கொண்ட ஒரு புது நோயை விவரித்தார். வடக்கு இத்தாலியில் பெல்லாக்ரா என்று பெயர் பெற்ற அந்நோய்க்கு, கெட்டுப்போன மக்காச்சோளத்தில் உண்டாகும் ஒரு நஞ்சே காரணம் என்று 19-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மருத்துவர் சேசரே லொம்ப்ரோசோ வலுவாக வாதிட்டார். நோய் மக்காச்சோளத்தைத் தொடர்ந்து செல்வதை எல்லோரும் கண்டார்கள். தானியத்தில் இல்லாத ஒன்று நோயை உண்டாக்க முடியும் என்ற எண்ணம் அன்றைய மருத்துவத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே தானியத்தில் இருக்கும் ஏதோ ஒரு தீமையைத் தேடினார்கள்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெல்லாக்ரா பரவியபோது காலம் மாறியிருந்தது. கிருமிகளின் கண்டுபிடிப்பு மருத்துவ உலகை ஆட்கொண்டிருந்தது. ஆகவே அது தொற்றுநோய் என்ற முடிவு வலுப்பெற்றது. 1914-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அனுப்பிய ஜோசப் கோல்ட்பெர்கர், அநாதை இல்லங்களிலும் மனநல விடுதிகளிலும் தங்கியிருப்போருக்கு நோய் வருகிறது, அங்கேயே பணிபுரிவோருக்கு வருவதில்லை என்பதைக் கண்டார். தொற்றுநோய் அப்படி ஆள் பார்த்து ஒதுங்காது. பால், முட்டை, இறைச்சி, பயறு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தபோது அநாதை இல்லங்களில் நோய் மறைந்தது. 1915-இல் மிசிசிப்பியின் சிறைப் பண்ணையில் மன்னிப்பு வாக்குறுதியின் பேரில் முன்வந்த 11 கைதிகளுக்கு மக்காச்சோள மாவும் பாகும் நிறைந்த வழக்கமான ஏழை உணவைக் கொடுத்ததில் 6 பேருக்கு நோய் அறிகுறிகள் தோன்றின. அப்போதும் எதிர்ப்பு ஓயாததால், 1916-இல் அவரும் அவருடைய மனைவியும் உடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளின் இரத்தத்தைத் தங்கள் உடலில் செலுத்திக்கொண்டார்கள். அவரும் தோழர்களும் நோயாளிகளின் தோற்செதிள்களையும் கழிவையும் விழுங்கவும் செய்தார்கள். யாருக்கும் பெல்லாக்ரா வரவில்லை.

இத்தனைக்குப் பிறகும் தென் மாநிலங்களின் தலைவர்கள் பலர் அவர் முடிவை ஏற்க மறுத்ததற்கு அறிவியல் காரணம் மட்டும் இல்லை. தொற்றுநோய் என்றால் அது யாருடைய குற்றமும் ஆகாது. உணவுக் குறை என்றால், பருத்தித் தோட்டங்களில் குத்தகைக்கு உழைத்தவர்கள் ஏன் அரைப்பட்டினியாக வாழ்ந்தார்கள் என்ற கேள்வி எழும். வறுமையை ஒப்புக்கொள்வது அவர்களுக்கு அவமானமாகவும் இழப்பாகவும் இருந்தது. கோல்ட்பெர்கர் 1929-இல் இறந்தார். காணாமற்போன பொருள் நியாசின் என்பதை 1937-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் கான்ராட் எல்வேஹெம் காட்டினார். அந்த நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 1,00,000 பேர் பெல்லாக்ராவால் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. உணவைப் பற்றிய ஒரு தவறான கருத்து நீடிப்பதால் யாருக்கு ஆதாயம் என்று கேட்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பழி மட்டுமன்றித் தகுதிக்கு மிஞ்சிய புகழும் இவ்வாறே நிலைபெறும். பாலக் கீரை இரும்புச் சத்தின் களஞ்சியம் என்ற நம்பிக்கை 19-ஆம் நூற்றாண்டின் அளவீடுகளிலிருந்து வந்தது. 100 கிராம் பச்சைக் கீரையில் சுமார் 2.7 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கீரையில் பத்தில் ஒன்பது பங்கு நீர் என்பதால், உலர்ந்த கீரையின் அளவு பன்மடங்கு பெரிய எண்ணாகத் தெரியும். கீரையில் உள்ள இரும்பில் சிறு பகுதியையே உடல் உறிஞ்சிக்கொள்கிறது என்பது பின்னால் தெளிவானது. ஆனால் இதைவிடப் புகழ்பெற்றது அதன் திருத்தக் கதை: ஒரு ஜெர்மன் வேதியியலாளர் தசமப் புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்துவிட்டார், அதனால் இரும்பின் அளவு பத்து மடங்காயிற்று என்பது அக்கதை. 1981-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் டி. ஜே. ஹாம்ப்ளின் என்ற மருத்துவர், ஆதாரம் எதையும் காட்டாமல் இதை எழுதினார். அதன் பிறகு ஆய்வாளர்கள் ஒருவர் மற்றவரை மேற்கோள் காட்டி மூன்று பத்தாண்டுகள் இதைப் பரப்பினார்கள். 2010-இல் மைக் சட்டன் என்ற ஆய்வாளர் மூல ஆவணங்களைத் தேடிப் பார்த்தபோது, அப்படியொரு தசமப் புள்ளிப் பிழை நிகழ்ந்ததற்குச் சான்றே கிடைக்கவில்லை. பொப்பாய் என்ற சித்திரக் கதை நாயகன் கீரை தின்றது இரும்புக்காக என்பதும் சரியன்று. 1932-இல் வந்த ஒரு கதையில் அவன் சொல்லும் காரணம் வைட்டமின் ஏ.

அதே வைட்டமின்தான் கேரட்டின் புகழுக்கும் அடிப்படை. வைட்டமின் ஏ குறைந்தவருக்கு மாலைக்கண் நோய் வரும், கேரட் அதைப் போக்க உதவும். குறைபாடு இல்லாதவருக்கு இருளில் பார்வையைக் கூர்மையாக்காது. இரண்டாம் உலகப் போரில், விமானத்தில் பொருத்தப்பட்ட ரேடார் இரகசியமாக இருந்த காலத்தில், பிரிட்டனின் இரவு விமானிகள் கேரட் தின்பதால் எதிரி விமானங்களைக் காண்கிறார்கள் என்ற செய்தி பரவியது. மற்ற உணவுப் பொருள்கள் பங்கீட்டில் இருந்தபோது மிஞ்சியிருந்த கேரட்டை மக்கள் உண்ண வேண்டும் என்பது அரசின் தேவையாகவும் இருந்ததால், நம்பிக்கை எளிதில் ஊன்றிவிட்டது.

முட்டையின் கதையில் வழுவியது ஒரு விலங்கிலிருந்து இன்னொரு விலங்குக்குத் தாவிய முடிவு. 1913-இல் ரஷ்ய ஆய்வாளர் நிக்கொலாய் அனிச்கோவ், எண்ணெயில் கரைத்த தூய கொலஸ்ட்ராலை முயல்களுக்குக் கொடுத்து, அவற்றின் இரத்தக் குழாய்களில் படிவுகள் உண்டாவதைக் காட்டினார். இரத்தக் குழாய் நோயைப் புரிந்துகொள்வதில் அது பெரிய திருப்பம் என்பதில் ஐயமில்லை. ஆனால் முயல் தாவர உண்ணி. அதன் இயல்பான உணவில் கொலஸ்ட்ராலே கிடையாது. எலியிலும் நாயிலும் அதே விளைவு எளிதில் கிடைக்கவில்லை. மனித உடலிலோ, தேவையான கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியைக் கல்லீரலே உண்டாக்குகிறது; உணவில் மிகுந்தால் பெரும்பாலோருக்கு உற்பத்தி ஓரளவு குறைந்துவிடுகிறது. உணவுக் கொழுப்புக்கு எதிரான கருத்தை உலகெங்கும் முன்னெடுத்த அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸே, உணவிலுள்ள கொலஸ்ட்ராலால் இரத்தக் கொலஸ்ட்ரால் அதிகம் மாறுவதில்லை என்ற முடிவுக்கு 1950-களிலேயே வந்திருந்தார். இருந்தும் 1968-இல் அமெரிக்க இதயச் சங்கம், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் வேண்டாம், வாரத்தில் மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 186 மில்லிகிராம் இருப்பதால், இரண்டாவது முட்டையை உடைத்தாலே வரம்பு மீறப்பட்டுவிடும்.

அந்தப் பரிந்துரை ஏன் அவ்வளவு எளிதாக ஏற்கப்பட்டது என்றால், அது கேட்டவுடன் புரிந்தது. குழாயில் படிவது கொலஸ்ட்ரால், முட்டையில் இருப்பதும் கொலஸ்ட்ரால். இடையில் கல்லீரல் என்ன செய்கிறது என்பதை விளக்கப் பல வாக்கியங்கள் தேவை, அஞ்சுவதற்கு ஒரு வாக்கியம் போதும். பொதுச் சுகாதார அறிவுரை எளிமையாக இருக்க வேண்டியது அவசியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எளிமைக்காக விடப்பட்ட நிபந்தனைகள் பிறகு திரும்பி வருவதே இல்லை. 2015 முதல் 2020 வரையிலான ஆண்டுகளுக்கான அமெரிக்க உணவு வழிகாட்டியில்தான் 300 மில்லிகிராம் வரம்பு கைவிடப்பட்டது. வெண்ணெய், இறைச்சி போன்றவற்றில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பைப் பற்றிய எச்சரிக்கை இன்றும் நீடிக்கிறது. நீரிழிவும் இதய நோயும் உள்ளவர்களுக்கு மருத்துவரின் கணக்கு வேறாக இருக்கலாம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

முட்டையும் வெண்ணெயும் அஞ்சப்பட்ட அதே ஆண்டுகளில், நஞ்சென்று பிற்பாடு தெரியவந்த ஒரு பொருள் நலம் தருவதாகக் கொண்டாடப்பட்டது. தாவர எண்ணெயை ஹைட்ரஜன் வாயு சேர்த்துக் கெட்டியாக்கும் முறைக்கு ஜெர்மன் வேதியியலாளர் வில்ஹெல்ம் நோர்மன் 1902-இல் காப்புரிமை பெற்றார். அம்முறையில் முழுமையடையாமல் கெட்டிப்பட்ட எண்ணெயில் டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. விலங்குக் கொழுப்பு கெடுதல், தாவரக் கொழுப்பு நல்லது என்ற பொதுக் கருத்தின் நிழலில், மார்ஜரினும் கெட்டிப்பட்ட எண்ணெய்களும் வெண்ணெய்க்கு நலமான மாற்றாகப் பரிந்துரைக்கப்பட்டன. நுகர்வோர் நலனுக்காகப் போராடியவர்களே 1980-களில் உணவகங்களை அவற்றின் பக்கம் திருப்பினார்கள். 1990-இல் நெதர்லாந்தின் மென்சிங்க், காட்டான் இருவரும் டிரான்ஸ் கொழுப்பு தீய கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்ல கொலஸ்ட்ராலைக் குறைக்கிறது என்று மனிதர்களிடமே அளந்து காட்டினார்கள். டென்மார்க் 2003-இல் கடும் வரம்பு விதித்தது; அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2015-இல்தான் அதைப் பாதுகாப்பற்றது என்று அறிவித்தது. இக்காலக் கருத்துகள் உருவானதில் பணத்துக்கும் பங்குண்டு. 1965-இல் அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலின் ஆய்வு அமைப்பு ஹார்வர்டு ஆய்வாளர்களுக்குச் சுமார் 6,500 டாலர் கொடுத்து எழுதச் செய்த மதிப்பாய்வு, இதய நோய்க்குச் சர்க்கரையைவிடக் கொழுப்பின் மீதே பழி சுமத்தி 1967-இல் வெளிவந்தது; பணம் யார் கொடுத்தார்கள் என்பது அதில் சொல்லப்படவில்லை. 2016-இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் பழைய கடிதங்களைக் கண்டெடுத்த பிறகே அது வெளியே தெரிந்தது. கொழுப்பைப் பற்றிய கருதுகோளைச் சர்க்கரைப் பணம் உண்டாக்கிவிடவில்லை. அதற்கு எதிரான கேள்வியின் குரலைத் தாழ்த்தியது.

அஜினோமோட்டோ என்ற பெயரில் பலரும் அறிந்த மோனோ சோடியம் குளுட்டமேட் ஒரே ஒரு கடிதத்தால் குற்றவாளியானது. கடற்பாசியின் சுவைக்குக் காரணமான குளுட்டமேட்டை 1908-இல் டோக்கியோவில் கிக்குனே இக்கெடா பிரித்தெடுத்தார். தக்காளியிலும் நாட்பட்ட பாலாடைக்கட்டியிலும் தாய்ப்பாலிலும் இருப்பது அதே குளுட்டமேட்தான். 1968 ஏப்ரலில் ராபர்ட் ஹோ மான் குவாக் என்ற மருத்துவர், அமெரிக்காவில் சீன உணவகங்களில் உண்ட சிறிது நேரத்தில் தமக்குப் பிடரியில் மரமரப்பும் தளர்ச்சியும் படபடப்பும் வருவதாக ஒரு மருத்துவ இதழுக்கு எழுதினார். சோயா சாறு, சமையல் மது, உப்பு, குளுட்டமேட் என்று பல காரணங்களை அவர் வினாவாகவே முன்வைத்தார். இதழ் அதற்குச் சீன உணவக நோய் என்ற பொருளில் தலைப்பிட்டது. விடை தேடாத வினாவுக்கு நோய்ப் பெயர் கிடைத்துவிட்டது. மறு ஆண்டே ஜான் ஓல்னி என்ற அமெரிக்க ஆய்வாளர், பிறந்த சுண்டெலிகளுக்கு மிகப் பெரிய அளவில் குளுட்டமேட்டைத் தோலுக்கடியில் ஊசியால் செலுத்தி மூளைப் பாதிப்பைக் காட்டினார். உணவில் சிட்டிகையாகச் சேர்வதற்கும் அந்த ஊசிக்கும் உள்ள தூரம் நாளிதழ்ச் செய்திகளில் மறைந்துபோயிற்று.

பின்னர் நடந்த சோதனைகளில், கொடுப்பவருக்கும் உண்பவருக்கும் எதில் குளுட்டமேட் இருக்கிறது என்று தெரியாதபடி ஏற்பாடு செய்தார்கள். தமக்கு அது ஒவ்வாது என்று தாமே சொன்ன 130 பேரைக் கொண்டு நடத்தி 2000-இல் வெளியான ஆய்வில், சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தபோது ஒரே சீரான எதிர்வினை ஏறக்குறைய யாரிடமும் நிலைக்கவில்லை. வெறும் வயிற்றில் மிகுந்த அளவு கொடுக்கும்போது சிலருக்குச் சிறிது நேரம் லேசான தொந்தரவு வரலாம் என்பதற்கு மேல் சான்று கிடைக்கவில்லை. இருந்தும் அச்சம் அரை நூற்றாண்டைத் தாண்டி வாழ்கிறது. அதே பொருள் அமெரிக்க நிறுவனங்களின் டப்பா சூப்புகளிலும் நொறுக்குத் தீனிகளிலும் தாராளமாக இருந்தும், ஐயம் புலம்பெயர்ந்தவர்களின் சமையல்கூடத்தின் மீதே விழுந்தது. அந்நியர் சமைப்பதில் ஏதோ இருக்கிறது என்று முன்பே நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அக்கடிதம் அறிவியலின் ஒப்புதலாகப் பயன்பட்டது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றே கருதுகிறேன்.

எதிர்பார்ப்பே அனுபவத்தை வடிவமைத்துவிடும் என்பதை மிகத் துல்லியமாகக் காட்டியது சர்க்கரையைப் பற்றிய ஒரு சிறு சோதனை. இனிப்பு தின்றால் குழந்தைகள் கட்டுக்கடங்காமல் துள்ளுவார்கள் என்பது பெற்றோர் பலரின் உறுதியான நம்பிக்கை. 23 சோதனைகளைத் தொகுத்து 1995-இல் வெளியான ஆய்வு, குழந்தைகளின் நடத்தையிலோ அறிவாற்றலிலோ சர்க்கரையால் மாற்றம் எதையும் காணவில்லை. அதற்கு முந்திய ஆண்டு வெளியான சோதனையில், சர்க்கரையால் தம் பிள்ளைகள் பாதிக்கப்படுவதாக நம்பிய தாய்மார்களும் 5 முதல் 7 வயதுள்ள 35 சிறுவர்களும் கலந்துகொண்டார்கள். எல்லாச் சிறுவர்களுக்கும் சர்க்கரையற்ற இனிப்பூட்டியே கொடுக்கப்பட்டது. ஆனால் பாதித் தாய்மார்களிடம், உங்கள் பிள்ளைக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்று சொன்னார்கள். அவர்கள் தம் பிள்ளைகள் மிகுந்த துடிதுடிப்போடு இருந்ததாக மதிப்பிட்டார்கள். தாயும் பிள்ளையும் விளையாடியதைப் பதிவு செய்து பார்த்தபோது, அந்தத் தாய்மார்கள் மற்றவர்களைவிடப் பிள்ளையை ஒட்டியே நின்றதும், அதிகமாகக் கண்டித்ததும், கண்ணை எடுக்காமல் கவனித்ததும் தெரியவந்தன.